கொயில் யாருடைய சாமான்?

“எஞ்சினை மாத்து. கியர்பொக்ஸையும் மாத்து. கொயிலை மட்டும் கழட்டாதை தம்பி. அது இந்தக் காருக்குப் பழகின சாமான்.”

2023 ஆவணி மாதம், பொனற் கழட்டிய மொறிஸ் மைனருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு அப்பா சொன்ன வசனம் இது. மூன்று பனந்துலாவைக் கூட்டிக் கட்டிச் செயின் புளொக்கைத் தொங்கவிட்டிருந்தோம். பழைய எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வயது போனவர், ஆசைப்பட்டு வைத்திருந்த காரின் நெஞ்சைப் பிடுங்குகிறோம், ஏதாவது ஒன்றையாவது விட்டுவைக்கட்டும் என்று கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் அண்ணை மரியாதைக்கு “ஓம் ஐயா” என்றார். அன்று பின்னேரமே, பிளக்குகளுக்கு ஸ்பார்க் எழுப்பிக் கொடுக்கிற அந்தக் கொயிலைக் கழட்டி பிஸ்கற் ரின்னுக்குள் போட்டுவிட்டோம். அந்த வசனம் இன்று வரைக்கும் எனக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்பா சொன்னது சரியா, சரியென்றால் எந்த வகையில் சரி என்று எனக்கு ஒரு முடிவுக்கு வரக் கனநாள் எடுத்தது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கார் 1959 மாடல், 948 சிசி, நம்பர் பிளேற் 1 ஸ்ரீ. எழுபதுகளில் அப்பா வாங்கினது. கிராங்கை ஏற்கனவே நாற்பது தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, வரைக்கும் கடைந்தாயிற்று; அதற்கு மேல் கடைந்தால் போடுவதற்குப் பெயரிங் இல்லை. எண்ணெய் அழுத்தம் சூடானால் விழுந்துவிடும். அப்போது புதுக் கார் வாங்குகிற கதையே இல்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய அல்ற்றோவுக்குச் சொன்ன விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. ஆகவே எங்கள் நாட்டில் மைனர் வைத்திருக்கிற பலர் செய்கிறதையே நாங்களும் செய்தோம். கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் டட்சன் சனிக் கார் ஒன்றின் ஏ12 எஞ்சினை, 1171 சிசி, கியர்பொக்ஸோடு வாங்கி லொறியில் ஏற்றினோம். அந்தச் சின்ன எஞ்சின் மைனரின் வாய்க்குள் அளவெடுத்தது மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான். மவுண்ட் இரண்டையும் புதிதாக ஒட்டினோம், புறொப்பெல்லர் சாஃப்ற்றை லேத்தில் கொடுத்து வெட்டி எடுத்தோம், கிளச்சுக்கு எண்ணெய் குழாய் இழுத்தோம். இதெல்லாம் பெரிய வேலைகள், ஆனால் பெரிய வேலைகள் எதுவும் எங்களைப் படுத்தவில்லை.

படுத்தியது கையளவு உருளை ஒன்று.

மண்ணெண்ணெய்க் காலத்து அறிவு

அப்பாவுக்கும் அந்தக் கொயிலுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் சோடாப் போத்தல் கணக்கில் விற்ற கதை உங்களுக்குத் தெரியும். மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றர் வாயில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வெள்ளைப் புகையும் அந்த மணமும் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அரைகுறையாக எரிந்து பிளக்கில் கரியாகப் பிடிக்கும். பின்னேரங்களில் அப்பா நாலு பிளக்கையும் கழட்டி, கம்பி பிரஷால் உரசி, காலையில் விளக்கு நெருப்பில் சூடுகாட்டி மறுபடி பூட்டுவார். கரி பிடித்த பிளக்கில் பத்த வைக்க வேண்டுமென்றால் ஸ்பார்க் நீலமாக, சத்தமாக விழ வேண்டும்.

பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது. இருந்த ஒரேயொரு கிழட்டுப் பற்றரி இரவில் றேடியோவுக்குப் போய்விடும். பி.பி.சி. தமிழோசை கேட்டு முடிய அதில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். காலையில் ஸ்ராட்டரை இழுத்தால் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிடும். அதனால் அப்பா ஸ்ராட்டரைத் தொடுவதே இல்லை. முன்பக்கத்துத் துளைக்குள் ஹாண்டிலைச் செருகி, பெருவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலே ஒரு இழுவை. பெருவிரலைச் சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறியும் என்று எனக்கு ஏழு வயதிலேயே சொல்லித் தந்தவர். அந்த இழுவையில் எத்தனையோ நாள் கார் பத்தியிருக்கிறது. வீட்டில் லைற் கூட எரியாத பற்றரியை வைத்துக்கொண்டு அந்த இங்கிலாந்து லூக்காஸ் கொயில் ஸ்பார்க் தந்தது. 1995 ஐப்பசிக் கடைசியில், மழைக்குள், யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்துக்குள் காரை நிப்பாட்டித் தள்ளி, இடம் கிடைத்த நேரம் மறுபடி ஹாண்டிலால் பத்தவைத்து, அம்மம்மாவையும் எங்களையும் தென்மராட்சிக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அதே கொயில்தான்.

“பழகின சாமான்” என்று அவர் சொன்னதற்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. எனக்கு அது அப்போது வெறும் பாசமாகத்தான் கேட்டது.

யப்பான் எஞ்சினுக்கு யப்பான் கொயில்

மெக்கானிக் அண்ணையின் கதை வேறு. எஞ்சினோடு சேர்த்து அதன் கொயிலையும் ஒரு பையில் போட்டுத் தந்திருந்தார்கள். “டிஸ்ரிபியூட்டர் யப்பான், பிளக் யப்பான், கொயில் மட்டும் ஏன் இங்கிலீசுக்காரன்ரை? சோடி பிரிக்கக்கூடாது தம்பி” என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கொயில் என்றால் எஞ்சினின் சாமான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஸ்பார்க் போவது எஞ்சினுக்குள்தானே.

இன்னொரு மாற்றத்தையும் அப்போதே செய்தோம். மைனர் பொசிற்றிவ் ஏர்த் கார். பற்றரியின் நேர் முனைதான் பொடியில் பூட்டியிருக்கும். பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற டட்சனின் ஒல்ரனேற்றர் அப்படி வேலை செய்யாது. ஆகவே பற்றரியைத் திருப்பி வைத்து நெகற்றிவ் ஏர்த் ஆக்கினோம். மைனரின் ஸ்ராட்டர் கேபிளை இழுக்கிற குமிழையும் கைவிட்டு, டட்சன் ஸ்ராட்டருக்கு ஒரு அமத்துகிற பட்டன் வைத்தோம். சாவி பழைய சாவிதான், ஒரே ஒரு நிலை: போடுவது, நிப்பாட்டுவது. சாவியிலிருந்து வருகிற பழைய வெள்ளை வயரை யப்பான் கொயிலின் நேர் முனையில் பூட்டினோம். பட்டனை அமத்தினதும் எஞ்சின் பத்தியது. வீட்டுக்காரர் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பாவும் சிரித்தார். தையல் மெசின் மாதிரி ஓடியது.

ஒரு கிழமை நல்லூரைச் சுற்றி ஓடினோம். பத்து நிமிசம், பதினைந்து நிமிசம். பிறகு கிளிநொச்சியில் ஒரு கலியாணம். சாவகச்சேரி, கொடிகாமம், பளை எல்லாம் தாண்டி, ஆனையிறவு உப்பளம் தெரிகிற இடத்தில் கார் இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் இருமவில்லை, அப்படியே அமர்ந்துவிட்டது. ஸ்ராட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பத்தவில்லை. ஆனையிறவில் நிழல் என்று ஒன்று கிடையாது, இரண்டு பக்கமும் வெளிச்சம்தான். கலியாணச் சீலையோடு அம்மா கைவிசிறியால் விசிறிக்கொண்டு காருக்குள் இருந்தா. மெக்கானிக் அண்ணை போனில் “பெற்றோல் கொதிக்குது தம்பி, ஈரச் சீலையைப் பம்பிலை போடுங்கோ” என்றார். போட்டோம். முக்கால் மணித்தியாலம் கழித்துப் பட்டனை அமத்த, ஒன்றுமே நடக்காதது மாதிரி பத்தியது.

இந்த ஈரச் சீலைதான் எங்களை மூன்று கிழமை ஏமாற்றியது. கார் நின்றால் சீலையை நனைத்துப் பம்பில் போடுவோம், காத்திருப்போம், கார் பத்தும். காத்திருந்ததுதான் வைத்தியம், பேர் எடுத்தது சீலை. பெற்றோல் குழாயை எக்ஸோஸ்ற்றிலிருந்து விலக்கி வைத்தோம், அதற்குத் தகரக் கவசம் அடித்தோம், காபரேற்றரைக் கழட்டிக் கழுவினோம். பிறகு, ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரைத் திறந்தபோது, கொயிலின் கறண்டைத் திறந்து மூடுகிற பொயின்ற் இரண்டும் நீலமும் கறுப்புமாகக் கருகிக் கிடந்தது. சரியான தடயம் அது. அதையும் பிழையாகத்தான் வாசித்தோம். பொயின்ற் கருகினால் கொண்டென்சர் பிழை என்பது கராஜ்களில் எல்லாருக்கும் பாடம். புதுக் கொண்டென்சர், புதுப் பொயின்ற். மறுபடியும் மிருசுவிலில் நின்றது.

மணிக்கட்டில் ஒரு தழும்பு

ஒரு ஞாயிறு பின்னேரம், ரோட்டில் நிற்பதை விட முற்றத்தில் நிற்கட்டும் என்று வீட்டிலேயே எஞ்சினை ஓடவிட்டேன். இருபத்தைந்து நிமிசம் போனது. இருமியது, நின்றது. பெற்றோல் பம்பைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். பம்ப் சாதாரணச் சூடுதான். கையை எடுக்கும்போது மணிக்கட்டின் உள்பக்கம் கொயிலில் முட்டியது. பொரித்தது மாதிரி சுட்டது. அந்தத் தழும்பு இப்போதும் மங்கலாக இருக்கிறது. நான் கையை உதறிக்கொண்டு நின்றேன். மூன்று கிழமையாக நாங்கள் பெற்றோல் போகிற வழியெல்லாம் தொட்டுப் பார்த்திருக்கிறோம், கறண்ட் போகிற வழியில் ஒருநாளும் கை வைத்துப் பார்க்கவில்லை என்பது அந்த நேரம்தான் உறைத்தது.

“கொயில் சுடுதோ?” அப்பா கதிரையில் இருந்து கேட்டார்.

“கை வைக்கேலாமல் கிடக்கு அப்பா.”

“எங்கடை கொயில் ஒருநாளும் அப்பிடிச் சுட்டதில்லை” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆறவிட்டு, இரண்டு சின்ன வயரையும் கழட்டி, மல்ற்றிமீற்றரை இரண்டு சின்ன முனைக்கும் குறுக்கே வைத்தேன். கறண்டுக்கு அது காட்டுகிற தடை ஒன்றரை ஓம். பிஸ்கற் ரின்னைத் திறந்து லூக்காஸ் கொயிலை எடுத்து அதேபோல் அளந்தேன். மூன்றுக்குக் கொஞ்சம் மேல். அந்த இரண்டு இலக்கத்தையும் ஒரு சிகரெற் மட்டையில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ற் கார், ஓடும்போது ஒல்ரனேற்றர் பதினாலு வோல்ற் வரைக்கும் தருகிறது. பதினாலை மூன்றால் வகுத்தால் நாலரை அம்பியருக்குச் சற்று மேல். ஒன்றரையால் வகுத்தால் ஒன்பதுக்கு மேல். கறண்ட் இரண்டு மடங்கு. சூடு கறண்டின் வர்க்கத்தோடு போகும். டட்சனில் இந்தக் கொயில் சுமக்கிற சூட்டைப் போல நாலு மடங்கை, பொயின்ற் மூடியிருக்கிற ஒவ்வொரு கணமும், இந்த முற்றத்தில் அதன் தலையில் ஏற்றியிருக்கிறோம்.

கொயில் செய்கிற வேலை நூறு வருசத்துக்கு மேலாக மாறாத வேலை. ஒரு இரும்பு நடுவில், அதைச் சுற்றித் தடித்த கம்பி சில நூறு சுற்று, மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்று. பொயின்ற் மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் கறண்ட் ஓடிக் காந்தம் ஏறும். பொயின்ற் திறந்த கணத்தில் காந்தம் சரியும். அந்தச் சரிவில் மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் எழும்பிப் பிளக்கில் பாயும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிசத்துக்கு மூவாயிரம் தரம் சுற்றினால் இது செக்கனுக்கு நூறு தரம் நடக்க வேண்டும். சூடேறினால் கம்பிகளுக்கு இடையில் பூசின வார்னிஷ் தளர்ந்து சுற்றுகள் ஒன்றோடொன்று தொடுப்புக் கொள்ளும், ஸ்பார்க் செத்துவிடும். ஆறினால் மறுபடி விலகும், கார் பத்தும். ஆனையிறவில் நடந்தது இதுதான்.

மெக்கானிக் அண்ணைக்கு அடுத்த நாள் அந்த மட்டையைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு நெற்றியில் கை வைத்தார். “தம்பி, சனியிலை கொயிலுக்குப் பக்கத்திலை வெள்ளையா ஒரு பீங்கான் கட்டை இருக்கும். அது எங்கை?” அந்தக் கட்டை பொடியிலேயே நின்றுவிட்டது. எஞ்சினைத் தூக்குகிறவர்கள் வயரை வெட்டி, எஞ்சினில் தொங்குவதையும் கொயிலையும் கட்டித் தருவார்கள். ஒரு விரலளவு பீங்கானை யார் கணக்கெடுப்பார்கள்? அதுதான் கறண்டை அடக்குகிற றெசிஸ்ரர், அதுவும் ஏறத்தாழ ஒன்றரை ஓம். கொயிலின் ஒன்றரையோடு சேர்ந்தால் மூன்று.

ஏன் இப்படி இரண்டாகப் பிரித்தார்கள் என்பதில்தான் எனக்கு இந்த விசயத்தில் உண்மையான ஆசை பிடித்தது. ஸ்ராட்டர் சுற்றும்போது பற்றரியின் பன்னிரண்டு வோல்ற் ஒன்பதுக்கோ பத்துக்கோ விழுந்துவிடும். கொயிலுக்கு ஆகக் கூடுதலான பலம் தேவைப்படுகிற நேரத்தில்தான் அதற்கு ஆகக் குறைவாகக் கிடைக்கிறது. அதனால் குறைந்த வோல்ற்றிலேயே நல்ல ஸ்பார்க் தருகிற ஒன்றரை ஓம் கொயிலைச் செய்தார்கள். சாவியை ஸ்ராட் நிலைக்குத் திருப்பும்போது கறண்ட் றெசிஸ்ரரைத் தாண்டி நேரே கொயிலுக்குப் போகும். சாவியை விட்டதும் றெசிஸ்ரர் வழியாக, அடக்கத்தோடு போகும். எவ்வளவு அருமையான யோசனை. ஆனால் இது முழுவதும் அந்த எஞ்சினில் இல்லை. கொயில், பொடியில் பூட்டிய பீங்கான், ஸ்ராட் நிலை உள்ள சாவி, அந்தச் சாவியிலிருந்து தனியாக வருகிற ஒரு வயர், இவை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த யோசனை. மைனரின் சாவியில் ஸ்ராட் நிலையே கிடையாது.

அப்போதுதான் அப்பாவின் வசனம் எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. கொயில் எஞ்சினின் சாமான் இல்லை. எஞ்சினுக்கு ஸ்பார்க் வந்தால் சரி. இங்கிலாந்துக் கொயிலா யப்பான் கொயிலா என்று அது கேட்காது. கொயில் கேட்பது தனக்கு எந்த வயர் வழியாக எவ்வளவு கறண்ட் வருகிறது என்பதை. அது வயரின் சாமான், சாவியின் சாமான். எங்கள் காரில் வயரும் சாவியும் மாறவில்லை. “இந்தக் காருக்குப் பழகின சாமான்” என்றார் அப்பா. “எஞ்சினுக்குப் பழகின” என்று சொல்லவில்லை.

அவரிடம் கேட்டேன், இது தெரிந்துதான் சொன்னீர்களா என்று. “ஓமும் கீமும் எனக்குத் தெரியாது. பற்றரி செத்த நாளிலையும் அது பத்தினது. அதைத்தான் சொன்னனான்” என்றார். அந்தப் பதிலில் நான் இன்னும் நிற்கிறேன். அவர் சொன்ன காரணம் கருகின பொயின்ற்றுக்கான காரணம் இல்லை. ஆனால் அதற்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்ராட்டரைச் சுற்றினால் பற்றரி விழும். ஹாண்டிலால் சுற்றினால் விழாது. பற்றரியில் மிச்சம் இருக்கிறது எல்லாம் கொயிலுக்கே போகும். யப்பான்காரர் பீங்கானையும் தனி வயரையும் வைத்துச் செய்த வேலையை, தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் தோள் செய்தது.

எழுத்தும் ஏர்த்தும்

லூக்காஸ் கொயிலைத் துடைத்துப் பூட்டினேன். அதன் இரண்டு முனையிலும் நேர், மறை என்று அடையாளம் இல்லை. பழைய லூக்காஸில் ஒரு பக்கம் எஸ்-டபிள்யூ, அதாவது சுவிச். மற்றப் பக்கம் சி-பி, அதாவது பொயின்ற். நாற்பது வருசமாக அப்பா பூட்டின முறைப்படியே சாவி வயரைச் சுவிச்சுக்கும், டிஸ்ரிபியூட்டர் வயரைப் பொயின்ற்றுக்கும் பூட்டினேன். கிளிநொச்சிக்குப் போய் வந்தோம். ஆனையிறவில் வேண்டுமென்றே நிறுத்திக் கொயிலில் கை வைத்தேன். இளஞ்சூடு. அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ரொப் கியரில் முப்பது மைலிலிருந்து நாற்பத்தைந்துக்கு மிதித்தால், நடுவில் ஒரு விக்கல். எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று இல்லாததால் இது கனபேருக்குத் தெரியாமலே போயிருக்கும். மெக்கானிக் அண்ணை இது காபரேற்றர் ஜெற் என்றார். எனக்கு ஒருதரம் ஈரச் சீலையை நம்பின பயம் இருந்தது. இந்த முறை கறண்டிலிருந்தே தொடங்குவோம் என்றேன்.

பழைய கராஜ் புத்தகங்களில் ஒரு பென்சில் சோதனை இருக்கும். அதைச் செய்ய மம்மல் நேரம்தான் நல்லது. ஒரு பிளக்கின் தடித்த வயரைக் கழட்டி, உடுப்புக் காயப்போடுகிற மரக் கிளிப்பால் பிடித்து, பிளக் தலையிலிருந்து ஒரு கால் அங்குலம் தள்ளி வைத்தேன். நடுவில் கூராக்கின பென்சிலின் ஈயமுனை. தம்பியின் மகன் பட்டனை அமத்தினான். ஸ்பார்க் வயரிலிருந்து ஈயத்துக்கும் ஈயத்திலிருந்து பிளக்குக்கும் பாய்கிறது. இரண்டு பாய்ச்சலும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கத்தில் செம்மஞ்சளாகச் சின்னதாக ஒரு பூ விரியும். பிளக் பக்கத்தில் விரிந்தால் சரி. எனக்கு வயர் பக்கத்தில் விரிந்தது.

அப்படியென்றால் ஸ்பார்க் தலைகீழாகப் போகிறது. பிளக்கின் நடுக் கம்பிதான் ஆகச் சூடான இடம்; சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரோன் லேசாகக் கிளம்பும். அதனால் நடுக் கம்பி மறையாக இருந்தால் குறைந்த வோல்ற்றிலேயே ஸ்பார்க் பாயும். திருப்பிப் போட்டால் ஓடும், ஆனால் கூடுதல் வோல்ற் கேட்கும். ஐந்து பேரை ஏற்றி மிதிக்கும்போது அந்தக் கூடுதலைக் கொடுக்கக் கொயிலால் முடியவில்லை. அதுதான் விக்கல்.

வந்த பிழை எழுத்தால் வந்தது. லூக்காஸ்காரன் சுவிச் என்று பொறித்த காலத்தில் சுவிச்சிலிருந்து வந்தது மறை மின். நாங்கள் பற்றரியைத் திருப்பி வைத்தபோது அந்த வயரில் வருவது நேர் மின் ஆகிவிட்டது. ஏர்த்தை மாற்றினவர்கள் கொயிலில் இருக்கிற எழுத்தையும் மாற்றி வாசிக்க வேண்டும்.

இரண்டு சின்ன வயரையும் இடம் மாற்றப் போனேன். அப்பா எழும்பி வந்துவிட்டார். “என்ன செய்யிறாய்? அதிலை எழுதியிருக்கெல்லோ.” அவருக்கு அது பொறுக்கவில்லை. இந்தக் கொயிலை நான் ஒருதரம் மதிக்காமல் விட்டு மூன்று கிழமை பட்டது அவருக்குத் தெரியும்; மறுபடியும் அதே வேலையைச் செய்கிறேன் என்று நினைத்தார். நான் பதில் சொல்லவில்லை. வயரை மாற்றிவிட்டு, “வந்து பாருங்கோ அப்பா” என்று பென்சிலை அவர் பார்க்கிற மாதிரிப் பிடித்தேன். பொடியன் பட்டனை அமத்தினான். பூ பிளக் பக்கத்தில் விரிந்தது. “இன்னொருக்கா” என்றார். இன்னொருதரம் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் பார்த்தார்.

“அப்ப எழுத்துப் பிழையோ?”

“எழுத்து சரி அப்பா. நாங்கள்தான் ஏர்த்தை மாத்திப்போட்டம்.”

அவர் கொயிலைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த எழுத்துகளை அரத்தால் உரசி அழித்துவிடலாம் என்று மெக்கானிக் அண்ணை சொன்னபோது வேண்டாம் என்றார். உள்ளே போய், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரும் போல்பொயின்ற் பேனாவும் கொண்டுவந்தார். இரண்டு துண்டு வெட்டி, சி-பி முனைக்குக் கீழே “சாவி” என்றும் எஸ்-டபிள்யூ முனைக்குக் கீழே “பொயின்ற்” என்றும் தன் பள்ளிக்கூட எழுத்தில் எழுதி ஒட்டினார். அடுத்த நாள் ஐந்து பேரோடு கொடிகாமம் வரைக்கும் போனோம், விக்கவில்லை.

பொனற்றுக்குள் இருக்கிற சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அந்தப் பிளாஸ்ரர் ஆறு மாதம் கூடத் தாங்காது. மை பரவி, ஓரம் சுருண்டு வரும். அது விழமுதல் அப்பா கவனித்துவிடுவார். எண்ணெய் பார்க்கிற சாட்டில் பொனற்றைத் திறக்கச் சொல்லி, பழையதை உரித்து, கொயிலைத் துணியால் துடைத்து, புதிதாக எழுதி ஒட்டுவார். போன மாசியில் ஒட்டினது நாலாவது.